பொன்னம்மா அக்கா வாங்காமல் போன இரண்டாவது தாள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்து இயந்திரத்தை ஓடவிட்டிருந்தேன். பொன்னம்மா அக்காவின் மகன் போனில் வந்தார். "தம்பி, அம்மா இந்த மாசம் ரத்தம் குடுக்க வர மாட்டாங்க." சேலத்து டாக்டரிடம் போகிறார்களா என்று கேட்டேன். எனக்கு எப்போதும் அவசரம். "இல்லீங்க தம்பி. விடியக்காலம் போயிட்டாங்க" என்றார்.

சோளக்காட்டுச் சந்தையில் அவரிடம் மிளகும் பலாவும் வாங்கிய உங்களுக்கு அக்காவைத் தெரியும். செம்மேட்டில் ரத்தப் பரிசோதனை செய்யும் எனக்குத் தெரிந்த அக்காவைச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஆறு வருடம் வந்தார். ஹெபடைடிஸ் பி கிருமி பல காலம் தங்கி, அவர் கல்லீரலைத் தழும்பாக்கி வைத்திருந்தது. நம் ஊரில் கல்லீரல் என்றால் குடி என்றுதான் அர்த்தம். காத்திருந்த ஒருவர் ஒருநாள், "ஏனுங்கக்கா, நீங்களுமா?" என்று இளித்தார். "நீங்கெல்லாம் மிச்சம் வெச்சாத்தானே நான் குடிக்கறதுக்கு!" என்றார் அக்கா.

அவருக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். இரண்டாம் முறை ஊசி குத்தினால், "மூக்குத்திக்குக்கூட ஒருக்காத்தான் குத்துனாங்க சாமி" என்பார். கோபமாகச் சொன்னதே இல்லை.

எங்கள் அறிக்கையில் அளவு மீறிய எண்கள் கறுப்பாகத் தடித்து அச்சாகும். "இன்னிக்கு எத்தன கறுப்பு, கண்ணு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கல்லீரல் தாளை மட்டும் வாங்கிக்கொள்வார். ரத்த அணுக்களுக்கான இன்னொரு தாளை, "அது சும்மா ரத்தந்தானே" என்று என் மேசையிலேயே விட்டுவிடுவார். நானும் விட்டுவிடுவேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு திங்கட்கிழமை. நல்ல கூட்டம். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் எண்கள் இரண்டும் முதல்முறையாக அளவுக்குள் வந்திருந்தன. கல்லீரல் தாளில் கறுப்பே இல்லை. "நார்மல்க்கா, போங்க" என்றேன். வியாழக்கிழமை திரும்பி வந்தார், கையில் பலாச்சுளையோடு. "ஞாயித்துக்கெழம பெரியசாமி கோயில்ல கெடா வெட்டறோம். நீ வந்துரோணும். நோவு போயிருச்சு, இனி எதுக்குச் சேலம்? டாக்டருகிட்ட வரலீன்னு சொல்லிட்டேன்."

அவர் விட்டுப்போன தாளைத் தேடி எடுத்தேன். பிளேட்லெட் எழுபத்தெட்டாயிரம். குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும். பழைய தாள்களையும் கணினியில் திறந்தேன். ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. நான் பார்க்கவே இல்லை.

"அக்கா, நான் சொன்னது தப்பு."

"எது?"

"நான் நார்மல்னு சொன்ன ரெண்டும் கல்லீரல் இப்ப எவ்வளவு நொறுங்குதுன்னு மட்டுந்தான் காட்டும். மிச்சம் எவ்வளவு நல்லா இருக்குன்னு காட்டாது. தழும்புக்குள்ள ரத்தம் போக வழியில்லீன்னா மண்ணீரல் வீங்கும், பிளேட்லெட் அங்க போய் மாட்டிக்கும். உணவுக்குழாய் நரம்பும் பொடச்சிருக்கலாம். அது வெடிச்சா உயிருக்கே ஆபத்து. இருக்கா இல்லியான்னு டாக்டர் கேமரா விட்டுப் பாக்கோணும். சேலம் போறத நிறுத்தாதீங்க."

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"கூட்டமா இருந்துச்சு. அவசரத்துல..."

"உனக்கு அவசரம்னா நான் சாகோணுமா கண்ணு?"

இறங்கிய எண் இருந்த அந்தத் தாளை அவர் முன் வைத்தேன். அதை எடுத்துப் பார்த்தவர், "அப்ப கெடாய என்ன பண்றது?" என்றார். "அது சந்தோஷப்படும்க்கா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அந்த வாரமே சேலம் போனார். நரம்புகள் புடைத்துத்தான் இருந்தன. டாக்டர் வளையம் போட்டுக் கட்டினார். திரும்பி வந்து சந்தை நடுவில் என்னை நிறுத்தி, "இந்தத் தம்பி எனக்கு நார்மல்னு பட்டம் குடுத்துச்சு, மூணே நாள்ல அதுவே புடுங்கிக்கிச்சு" என்று எல்லோரிடமும் சொன்னார். உங்களில் பலர் சிரித்தீர்கள். மகனிடம் மட்டும், "தப்புன்னு மொகத்துக்கு நேரா சொன்ன பய, அவன உட்றாத" என்றாராம்.

இரண்டு வருடத்துக்கு மேல் நன்றாக இருந்தார். இந்த வருடம் கல்லீரல் தயாரிக்கும் ஆல்புமின் புரதம் இறங்கியது, மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் ஏறியது, ரத்தம் உறையும் நேரம் நீண்டது, வயிற்றில் நீர் கோத்தது. அப்போதும் எஸ்.ஜி.பி.டி. கறுப்பில்லாமல்தான் வந்தது. கடைசியாக வந்தபோது ஆறுதலாக ஏதாவது சொல்ல முயன்றேன். "வேண்டாஞ்சாமி, உனக்குப் பொய் வராது. உள்ளத சொல்லு" என்றார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி. இனி நான் ஊட்டுல பேசிக்கறேன்" என்று எழுந்தார்.

என் அவசரம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அக்காவே நம்பமாட்டார். ஆனால் யாரையும் நிற்கவைத்து அறிக்கை கொடுப்பதை நிறுத்திவிட்டேன். மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி கிடக்கிறது. கூட்டம் எவ்வளவு இருந்தாலும், ஒருவர் அதில் உட்கார்ந்து கேட்டு முடிக்கும்வரை அடுத்தவரைக் கூப்பிடுவதில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சில நிமிடங்கள்தான்.