கிராணியாருக்கு நான் எழுதிக் கொடுத்த ரொட்டி

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் சதுரமான ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. சாயம் போய்விட்டது. மூலைகளில் துரு. மூடியைத் திறக்க ஒரு கரண்டிக் காம்பின் உதவி வேண்டும். முன்பக்கத்தில் ஒரு கதிரின் படம் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. வாங்கிய நாளில் அதை நெற்கதிர் என்றுதான் நினைத்தேன். கெடாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறு எந்தக் கதிர் தெரியும்? அலோர் ஸ்டார் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் நெல்தான். அது கோதுமைக் கதிர் என்று எனக்குச் சொன்னவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியார். சொல்வதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார்.

எழுபதுகளில் லூனாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரசராக வேலை பார்த்தேன். டிரசர் என்றால் தோட்டத்து மருந்துவீட்டைக் கவனிப்பவர். டாக்டர் மாதம் ஒருமுறை காரில் வந்து போவார். மீதி நாட்களில் நான்தான் டாக்டர், அதுவும் அவரைவிடக் கொஞ்சம் கறாரான டாக்டர். யாருக்கு வயிற்றில் என்ன கோளாறு என்றாலும் என்னிடம் ஒரே உத்தரவுதான். சோற்றை நிறுத்து, ரொட்டியைப் பாலில்லாத தேநீரில் நனைத்துச் சாப்பிடு. இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பேன். நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. நம் சனங்களுக்கு ரொட்டி என்பது நோயாளியின் உணவு. படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் ரொட்டியும் பிஸ்கட்டும் மால்ட் டின்னும் வாங்கிப் போவதுதான் மரியாதை. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.

பெரிய கிராணியார் மாற்றலாகி வந்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும். தோட்டத்து ஆபீஸை நடத்துகிறவர், மேனேஜருக்கு அடுத்த இடம். கத்தோலிக்கர். ஒடிசலான உடம்பு. சங்கடமான பேச்சு வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவருக்கு முன்பிருந்த கிராணி, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்தால் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போய்விடுவார். எத்தனையோ வருடம் இருந்தும் தொழிலாளி வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் உரக்கச் சொன்னதில்லை. புதியவர் காதிலும் இது விழுந்திருக்கிறது. வந்த முதல் வாரமே வீடு வீடாக நுழைந்து, பாயில் உட்கார்ந்து, கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டார். கிராணிக்குச் சோறும் கருவாடுமா கொடுப்பார்கள்? கடையில் வாங்கிய கேக், பிஸ்கட், மாவில் கறி அடைத்துப் பொரித்த கறிபாப் என்று பெரிய மனிதர்களுக்கு உரியதைக் கொடுத்தார்கள். மனிதர் ஒரு வீட்டையும் விடவில்லை.

ஆறு மாதத்தில் அவருடைய கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. வயிறு உப்புசம், கழிச்சல், படியேறினால் மூச்சு வாங்கல். என்னிடம் வந்தார். நான் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வழக்கமான தாளை எழுதினேன். அவர் ஒழுங்கு தவறாதவர். மூன்று வேளையும் ரொட்டி சாப்பிட்டார். இன்னும் மோசமானார். நான் ரொட்டியைக் கூட்டினேன். பெரிய கிராணிக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்ட லயத்து வீடுகள் ஒவ்வொன்றும் ஆளுக்கொரு ரொட்டியோடு அவர் வீட்டுக்குப் படையெடுத்தன. நானும் என் பங்குக்கு லூனாஸ் கடைவீதியில் கதிர் படம் போட்ட அந்த டின்னை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெம்பு வரட்டும் என்று அவரை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றி, லூனாஸில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் நானா கடைக்கு அழைத்துப்போய், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வேறு வாங்கிக் கொடுத்தேன். ஒரு மனிதனை இவ்வளவு அக்கறையோடு யாரும் கொன்றிருக்க முடியாது.

கடைசியில் அவருடைய மனைவி என்னைக் கேட்காமலேயே அவரைப் பினாங்குக்கு அழைத்துப்போய்விட்டார். எனக்குக் கோபம்தான். அங்கே இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர், நூல்போன்ற குழாயின் நுனியில் ஒரு குமிழைக் கட்டி இவரை விழுங்க வைத்து, குடலில் ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்துப் பார்த்தாராம். நோயின் பெயர் சீலியாக். கோதுமை உள்ளே போனால் குடலே தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிற நோய். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் கோதுமையைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். இதுவரை என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது இவர் சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்து நீட்டியிருக்கிறார். டாக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டாராம். "எனக்கு வேண்டியவர் ஒருத்தர்" என்று மட்டும் சொன்னதாகக் கிராணியார் என்னிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே அந்த டின்னை என் மேசைமேல் வைத்தார். "இது நெல்லு இல்ல டிரசர், கோதும. உங்க மருந்த நீங்களே வச்சுக்குங்க." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகுதான் வெளியே சாப்பிடுவது எவ்வளவு பெரிய பாடு என்று தெரிந்தது. டாக்டர் கொடுத்த பட்டியல் முழங்கை நீளம். ரொட்டி, பிஸ்கட், மீ நூடுல்ஸ், ரவை, சேமியா எல்லாம் அதில் இருந்தன. நானா கடையில் நாங்கள் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சரி, சோறும் கோழியும் கொடுங்கள் என்றால், கோழியில் கறுப்பாக மினுங்குவது கிச்சாப் என்கிற சோயா சாறு. கிச்சாப்பிலும் கோதுமை என்று பட்டியல் சொன்னது. நானா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "தண்ணியா இருக்கு, இதுல எங்கேர்ந்து கோதும? டாக்டருக்கு உங்க மேல என்னா கோவம்லா?" என்றார். ஆனால் நல்ல மனிதர். மீன்கறியில் மாவு கரைக்கவில்லை என்று கல்லாவிலிருந்து எழுந்து வந்து சத்தியம் செய்தார். மீ கிளறிய கரண்டியைக் கறியில் போடுகிறார்களே என்று கிராணியார் தயங்கியதைப் பார்த்து, ஒரு கரண்டியின் காம்பில் சிவப்பு நூல் கட்டித் தனியாகத் தொங்கவிட்டார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்கள்.

கடையில் சமாளித்துவிட்டோம். லயத்தில்தான் முடியவில்லை. கிராணியார் ஓரிரு வீடுகளில் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். கோதுமை ஆகாது என்று ஒரு நோயா? இனிப்பு நீர் உள்ளவன்கூடச் சப்பாத்திதானே சாப்பிடுகிறான்? அவர்கள் நேராக மருந்துவீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார்கள். "டிரசரய்யா, கிராணியாருக்கு ரொட்டி ஆகாதாமே, நெசமா?" இங்கேதான் நான் என் வாழ்க்கையின் மோசமான காரியத்தைச் செய்தேன். அந்த நேரம் என் கையில் இன்னொருவருக்கு எழுதிய ரொட்டித் தாள் இருந்தது. தோட்டமே என் கையெழுத்தை நம்பி ரொட்டி தின்றுகொண்டிருந்தது. அந்த ரொட்டிதான் கிராணியாரைச் சாகக் கிடத்தியது என்று எந்த வாயால் சொல்வேன்? "அப்படியும் சொல்றாங்க," என்று இருமினேன். அந்த இருமலே போதுமானதாக இருந்தது. டிரசருக்கே தெரியாத நோயாம், எல்லாம் சாக்கு, இவரும் பழைய கிராணி மாதிரிதான் என்று லயம் முடிவு கட்டிவிட்டது.

குற்ற உணர்ச்சி என்னை வேறு விதமாகப் பரிகாரம் தேட வைத்தது. எந்த வீட்டு விசேஷமானாலும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். யாரும் பார்க்காத சமயம் என் காலித் தட்டை அவர் முன்னும் அவருடைய நிறைந்த தட்டை என் முன்னும் நகர்த்திவிடுவேன். அவர் கண்ணாடியைத் துடைப்பார், நான் வேக வேகமாக மெல்லுவேன். இப்படி ஏழெட்டு மாதம் இரண்டு பேருக்குச் சாப்பிட்டேன். அவருக்குக் கன்னம் வந்தது, எனக்குத் தொப்பை வந்தது. வெள்ளைச் சட்டையை இரண்டு முறை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. டிரசர் தன் மருந்தைத் தானே குடிக்கிறார்போல என்று ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அது முடிவுக்கு வந்தது மண்டோர் வீட்டில். மண்டோர் என்றால் பால்வெட்டுக்காரர்களை மேற்பார்வை பார்ப்பவர். அவருடைய மூத்த மகளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. லயத்திலிருந்து போகும் முதல் பெண். விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்ததும், நேர்முகத்துக்கு அவளையும் அவள் அப்பாவையும் அலோர் ஸ்டாருக்கு அழைத்துப் போனதும் கிராணியார். அதனால் விருந்தே அவருக்குத்தான். அந்தப் பெண் மணல் பரப்பிய சட்டியில் வைத்து, மேலும் கீழும் தணல் போட்டு, தன் கையால் கேக் செய்திருந்தாள். முதல் துண்டு கிராணியாருக்கு. நான் வழக்கம்போலத் தட்டை நகர்த்தக் கையை நீட்டினேன். மண்டோரின் மனைவி எதிரில் வந்து நின்றுகொண்டார்.

"டிரசரய்யா, போன வாரம் காதுகுத்துல அவரு தட்ட நீங்க தின்னத நான் பாத்தேன். கைய எடுங்க." பிறகு கிராணியாரிடம் திரும்பினார். "முந்தினவரு வாசல்ல நின்னாரு, போனாரு. நாங்க ஒன்னும் கேக்கல. நீங்க உள்ள வந்து ஒக்காந்துட்டு, கை நனைக்காமப் போறீங்க. இதுக்கு அதுவே தேவல லா. ஒரு வாய் சாப்பிடுங்க. பாத்துட்டுத்தான் போவேன்."

அந்தப் பெண் கதவோரம் நின்று கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். கேக்கை எடுத்தார். சாப்பிடத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தத் துண்டு அவரை மூன்று நாள் படுக்கவைக்கும் என்பது அவருக்கும் தெரியும். "சின்னத் துண்டுதான டிரசர்," என்றார் மெதுவாக, என்னைச் சமாதானப்படுத்துவதுபோல. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அவரு மேல தப்பில்லம்மா, தப்பெல்லாம் ஏம்மேல," என்று ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. ரொட்டித் தாள், பினாங்கு டாக்டர், என் இருமல், எல்லாவற்றையும் சொன்னேன். "அவரு வந்த நாள்லேர்ந்து உங்க வீட்டுல தின்னுதான் ஒடம்பு கெட்டுச்சு. நான் எழுதிக் குடுத்ததத் தின்னு இன்னும் கெட்டுச்சு. எனக்குத் தெரியல. தெரிஞ்சதுக்கு அப்பறமும் சொல்ல வெக்கமா இருந்துச்சு," என்றேன். வீடு முழுக்க ஆட்கள். என் பதினைந்து வருட மருத்துவ கௌரவம் அந்தப் பாயில் கிடந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் மண்டோர். "அப்ப எனக்குக் கழிச்சல் வந்தப்ப ஆறு நாளு ரொட்டி திங்க வச்சீங்களே, அது?"

"ஒனக்கு ஒன்னும் ஆகாது மண்டோர்."

"ஆகாதுதான். ஆனா சோறு தின்னிருக்கலாமில்ல," என்றார் அவர், உண்மையான துக்கத்தோடு. அதற்குப் பிறகு ஆளாளுக்குத் தாங்கள் தின்ற ரொட்டியைச் சொல்ல ஆரம்பித்து, வீடே சிரிப்பில் ஆடியது.

மண்டோரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "சோறு ஆகுமா?" என்று கேட்டார்.

"சோறு மட்டுந்தாம்மா ஆகும்," என்றார் கிராணியார்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாது? ஒங்களுக்குப் போயி எப்படிச் சோறும் கருவாடும் போடுறதுன்னுதான் நாங்க கேக்குக்கும் கறிபாப்புக்கும் அலஞ்சது."

மத்தியானத்துச் சோறு பானையில் இருந்தது. கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு இருந்தது. கிராணியார் அடுப்பங்கரையில் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண்தான் பரிமாறினாள். மூன்று முறை சோறு வாங்கினார். இவ்வளவு சாப்பிடக்கூடியவர் என்று எனக்கே அன்றுதான் தெரியும். அந்தத் தோட்டத்தில் எந்தக் கிராணியும் உட்காராத இடத்தில், அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கியது. அவர் வைத்துவிட்டுப் போன கேக் தொண்டையில் சிக்கியதால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு தோட்டமே அவர் வயிற்றைத் தத்தெடுத்துக்கொண்டது. எந்த விசேஷத்திலும் கிராணியார் சோறு என்று ஒரு சின்னப் பானை தனியாக இருக்கும். பிள்ளைகள்கூட அவர் தட்டைப் பார்த்துக் காவல் காத்தார்கள். கோயிலில் நற்கருணை அப்பமும் கோதுமைதான் என்பதால், பாதர் மேலிடத்தில் கேட்டு அவருக்கு மட்டும் கிண்ணத்திலிருந்து ஒரு மிடறு திராட்சை இரசம் கொடுக்க ஏற்பாடு செய்தார். அடுத்த ஞாயிறே தோட்டத்து ஆண்கள் நாலு பேர் தங்களுக்கும் கோதுமை சேராது என்று பாதரிடம் போய் நின்றார்களாம். பாதர் அவர்களை என்னிடம் அனுப்பினார். நான் தாளில் எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை அதற்குள் விட்டிருந்தேன்.

இப்போது நான் பாக்கார் ஆராங்கில் மகள் வீட்டில் இருக்கிறேன். தோட்டத்தை விட்டு வந்தும் தொப்பை என்னை விடவில்லை. அதோடு இனிப்பு நீரும் சேர்ந்துகொண்டது. என் பேத்தி வயதுள்ள டாக்டர் போன வருடம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சோற்றைக் குறையுங்கள், சப்பாத்தி சாப்பிடுங்கள், மாலையில் சீனி இல்லாத பிஸ்கட் இரண்டு. மகள் அந்த பிஸ்கட்டைப் பழைய டின்னில்தான் போட்டு வைக்கிறாள்.

போன மாதம் கிராணியார் அலோர் ஸ்டாரிலிருந்து மகனோடு என்னைப் பார்க்க வந்திருந்தார். இந்த வயதிலும் தினமும் இரண்டு வேளை சோறு, நேரான முதுகு. கோதுமை இல்லாத பிஸ்கட் இப்போது பேரங்காடியில் கிடைக்கிறதே என்று மகள் ஆசையாக ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தாள். ஒன்றைக் கடித்தவர் வெகுநேரம் மென்றார். "நல்லாருக்கும்மா," என்று சொல்லிவிட்டு, மீதியைத் தட்டின் ஓரத்தில் வைத்து, பக்கத்து வீட்டில் கோழி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். பிறகு மேசை நடுவில் இருந்த டின்னைப் பார்த்தார். அழிந்துபோன கதிரின்மேல் கட்டைவிரலால் ஒரு முறை தடவினார். கரண்டிக் காம்பால் மூடியை நெம்பித் திறந்து, டின்னை என் பக்கமாக நகர்த்தினார்.

"ஒங்க மருந்து டிரசர். சாப்பிடுங்க, பாத்துட்டுத்தான் போவேன்."

நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்று அவர் பங்கு.