வெள்ளைச் சப்பாத்து

பேரனின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசும்போது எழும்புகிற அந்த ஈர மணம் பட்டாலே, போன கிழமை வரைக்கும் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டுதான் வரும். அந்த மணத்துக்குப் பின்னால் திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருந்த மிஷன் வீடு நிற்கும். அதன் குசினியில் என் அம்மா சமைத்தா. கொதித்தாறிய தண்ணீரைத் தவிர வேறொன்றும் குடிக்காமல், வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பிக்கொண்டு திரிந்த வெள்ளைக்கார நோனா, கிழமைக்கொரு கடிதம் தன் ஊருக்கு எழுதுவா. கடிதத்தோடு படமும் போனால்தான் அங்கிருந்து உதவி வரும்.

ஒருநாள் படத்துக்கு என்னைக் கூப்பிட்டா. அம்மா வெள்ளை பூசித் தந்த சப்பாத்தும் பின்னிய தலையுமாய் ஓடிப்போய் நின்றனான்.

"சப்பாத்தைக் கழற்று. சிரிக்காதே," என்ற நோனா என் பின்னலையும் அவிழ்த்துக் கலைத்துவிட்டா. அம்மா என் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி கமராவுக்குப் பின்னால் நின்றா. கடிதத்தில் நான் தாயில்லாப் பிள்ளையாம். நோனாவின் மகன்தான் அதை எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னவன்.

போன கிழமை அந்த மகன் நரைத்த தலையோடு என்னைத் தேடி வந்தார். பழைய இடத்தைக் காட்டக் கூட்டிப்போனேன். வீடு இருந்த இடம் இப்போது வெறும் மணல்.

"தங்கச்சி, இதில வைத்து என்னை ஒரு படம் எடுங்கோ," என்று போனை நீட்டினார். உச்சி வெயில்.

"ஓம், எடுக்கலாம். சப்பாத்தைக் கழற்றுங்கோ."

பகிடி என்று நினைத்துக் கழற்றினார். சுடுமணலில் காலை மாற்றி மாற்றி வைத்தார். அவருடைய சப்பாத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் ஆறுதலாய்ப் போனைத் தூக்கினேன்.

"சிரிக்காதீங்கோ."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அந்த முகத்தைத்தான் எடுத்தனான்.