நிமிர்த்திய கழுத்து

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு அண்மையில் இருந்த எங்கள் தோட்டத்தில் முதிர்ந்த தேயிலைச் செடிகளைப் பிடுங்கிப் புதுக் கன்றுகள் நடத் தொடங்கியபோது, சிற்பத்துக்கு மரம் தேடி அலையும் துன்பம் எனக்குத் தீர்ந்தது. மலைச்சரிவெங்கும் வேர்கள் குவிந்து கிடந்தன. மற்றவர்கள் அடுப்புக்கெனச் சுமந்து சென்ற அவ்வேர்களில் நான் தோள்களையும் முழங்கைகளையும் கண்டேன். தேயிலை வேர் எளிதில் பணியாது, உளி வழுக்கும். தோட்டப் பள்ளி ஆசிரியனாகிய எனக்கு மாலைப் பொழுதுகள் வாய்த்திருந்தன. அவ்வளவும் அவ்வேர்களோடு கழிந்தன. குறைப்பட ஒன்றுமில்லாத காலம் அது.

அவ்வாண்டு ஹட்டனில் ஒரு பள்ளி மண்டபத்தில் கலைக் காட்சி நடைபெறவிருந்தது. அதற்கென என் அக்காவையே செதுக்கினேன். பெற்றோர் மறைந்தபின் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவர் அவர். நான் ஆசிரியனான பின்னரும் அவர் கூடையை இறக்கவில்லை. "வீட்டுல குந்திக்கிட்டிருந்தா காலு மரத்துப் போகும்" என்பார். இரண்டடி உயர வேரில் உருவம் எழுந்தது. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாள் சேலை மடிப்பாயிற்று. பெட்டி விளிம்பின் தகரம் வளையலாயிற்று. பனிக்கும் முள்ளுக்கும் காப்பாகப் பெண்கள் இடுப்பில் சுற்றும் படங்கைச் சாக்குத் துண்டால் அமைத்தேன். மூங்கிற் கீற்றால் கூடை முடைந்து, அதன் கயிற்றைத் தலைமேல் இட்டேன்.

வேரில் ஒரு குறை உள்ளதாக அப்போது எண்ணினேன். கழுத்தாக வரவேண்டிய பகுதி முன்புறம் வளைந்திருந்தது. என் அக்கா தலை குனிந்து நிற்றல் ஆகாது. ஆதலின் அவ்விடத்தை முன்புறமாகப் பாதியளவு அறுத்து, ஆப்புச் செருகி நிமிர்த்தினேன். அந்த நிமிர்வே அவருக்கு நான் செலுத்தும் நன்றி என்று கருதினேன்.

மறுநாள் பேருந்தில் கொண்டுசெல்ல வேண்டும் என்றிருந்த ஞாயிறு காலையில், அதை முதன்முதலாக அவர்முன் வைத்தேன். எங்கள் வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் குடியிருந்தவரும், அக்காவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவருமான பெண்ணும் உடனிருந்தார்.

"யாருங்க இது, தொரைசாணியா?" என்றார் அந்தப் பெண்.

"அக்காதாங்க."

அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏங்க வாத்தியாரே, கூடையோட இப்புடி வெறச்சிக்கிட்டு நின்னா, கொழுந்து நெறைய நெறைய மல்லாக்க விழுந்துருவாங்களே!"

அக்கா சிரிக்கவில்லை. சிற்பத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

"வேல நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது நான் இல்லப்பா."

எவருக்காகச் செய்தேனோ அவரே தம்மை அதில் காணவில்லையெனில், ஹட்டனில் எவர் புகழ்ந்து என்ன பயன்?

"நீங்க குனிஞ்சு நிக்கிற மாதிரி செய்ய எனக்கு மனசு வரலக்கா."

"யாருக்குக் குனியிறேன்? பாரந்தான தூக்குறேன்" என்றவர், சுவரில் மாட்டியிருந்த கூடையை எடுத்து, மடித்த துணியைத் தலையில் வைத்து அதன்மேல் கயிற்றை இட்டார். "நீ போடு புள்ள" என்றதும், அண்டை வீட்டுப் பெண் விறகு வேர்களைக் கூடைக்குள் போட்டார்.

பாரம் ஏற ஏறக் கழுத்து தானே முன்னால் வந்தது. அங்கே இல்லாத ஒரு செடியின்மேல் இரு கைகளும் பறக்கத் தொடங்கின. கண்களோ அதற்கடுத்த செடியில் இருந்தன.

"கழுத்து இப்புடி முன்னுக்கு வந்தாத்தான் கை ரெண்டும் வேலைக்குத் தோதா இருக்கும். நிமிந்து நின்னா கயித்தப் புடிச்சிக்கிட்டே நிக்கணும். அப்புறம் எங்க கொழுந்தெடுக்குறது?"

நாள்தோறும் அவரைப் பார்த்திருந்தும், அவர் கழுத்தின் வேலை எதுவென்று நான் அறிந்திருக்கவில்லை. ஆப்பைத் தட்டி எடுத்தேன். வேர் தன் பழைய வளைவுக்குத் திரும்பிற்று. பிளவில் வச்சிரப் பசை தடவி இறுக்கிக் கட்டினேன். அறுத்த தடம் ஒரு கோடாகத் தெரிந்தது. அதை மறைக்க முயலவில்லை.

பிற்பகலில் இருவரும் மீண்டும் வந்து பார்த்தனர்.

"இப்பக் காலையில ஆளு கணக்கெடுக்குற பெரட்டுல நிறுத்துனா கங்காணி பேரு பதிஞ்சிருவாரு" என்றார் அண்டை வீட்டுப் பெண்.

"என்னா பேரு எழுதப் போற?" என்று அக்கா கேட்டார்.

"அக்கான்னுதான்."

"எழுதிக்க."

பிறகு உருவத்தின் தலையைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார். "வெறுங் கயிறு மண்டையில உறுத்துமேப்பா." தம் தலைத்துணியின் ஓரத்தில் விரலகலம் கிழித்து, நான்காக மடித்து, கயிற்றின் கீழே செருகினார்.

ஹட்டன் காட்சியில் ஈயத்தாளையும் மூங்கிலையும் விடப் பலரும் உற்று நோக்கியது, சாயம் போன அந்த நீலத் துணியைத்தான். அது மட்டும் என் வேலை அன்று என்று வந்தவர் அனைவரிடமும் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தேன்.