நேரமிருந்தால் ஒரு பெயர்

“வருத்தமாம், வருத்தம்!” என்று அந்தச் சொல்லைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கிறார் டெலோரிஸ் பிட்மன். “ஜெயில்ல கிடக்கிறவளுக்கு நம்ம வருத்தம் எதுக்கு? பேரைச் சொல்லுங்கய்யா, பேரை!”

வாஷிங்டனில், எங்கள் வெளியுறவுத் துறையின் மத உரிமைப் பிரிவில் அவர் அலுவலர். வெளிநாட்டு விருந்தாளியிடம் அமைச்சர் பேச வேண்டியதைச் சிறு அட்டையில் எழுதித் தருவது வேலை. மதியச் சாப்பாடு மேசையிலேயே. அட்டைகளின் ஓரத்தில் கடலை வெண்ணெய்க் கறை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆலயத்துக்கும் போவதில்லை.

“எனக்குச் சாமி கிடையாது. அதுக்காகக் கும்பிடுறவள உள்ள தள்ளுறத பாத்துட்டு இருக்கணுமா? அடுத்து கும்பிடாத என்னையத்தான் தேடுவான்.”

“சொர்க்கத்துல உங்களுக்கு ஒரு சீட் உண்டு,” என்பார் பக்கத்து மேசை வாரன்.

“அங்கயும் ஏதோ ஒரு மதத்துக்காரன உள்ள விடாம வாசல்லயே நிக்க வச்சிருப்பாங்க. போனா எனக்கு இதே வேலைதான்.”

அன்றைய பெயர் நய்யிரா ஹாதி. பஹாய் சமயத்தவர். வீட்டில் குழந்தைகளுக்குப் பிரார்த்தனை சொல்லிக்கொடுத்ததற்கு, அன்று வரவிருந்த விருந்தாளியின் நாட்டில் பத்தாண்டுச் சிறை. மறுவாரம் மேல்முறையீட்டுத் தீர்ப்பு. கடிதம் எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும். அமைச்சர் நேருக்கு நேர் கேட்ட பெயருக்கோ, ஊர் திரும்பியதும் அவர்கள் பதில் தேடியாக வேண்டும்.

அட்டையில் விமான விற்பனை முதல் வரி. நய்யிரா கடைசி வரி. அதற்கு முன்னால் மேலதிகாரிகள் சேர்த்த ஒரு சொல்: ‘நேரமிருந்தால்’. ஒரு பெண்ணின் பத்தாண்டு வாழ்வுக்கு நேரமிருந்தால்! யார் யாரைத் தொழலாம் என்பதைக் காவல் நிலையம் முடிவு செய்யும் நாட்டுக்கு விமானம் விற்க மட்டும் நேரம் எப்போதும் இருக்கிறது.

கடைசி வரியில் என்ன வரும் என்று விருந்தாளிகளுக்கும் தெரியும். அதனால் நேரத்தைத் தின்பார்கள். அன்று வந்த விருந்தாளி தம் வேட்டைப் பருந்துகளைப் பற்றியும் பேரனின் பல்லைப் பற்றியும் விரிவாகப் பேசினார். விமானம் முடிவானதும் எழுந்து கை நீட்டினார். கை குலுக்கினால் சந்திப்பு முடிந்தது. எங்கள் அமைச்சரும் எழுந்தார்.

அமைச்சர் எழுந்தால் அறையே எழ வேண்டும். எழுந்தோம். டெலோரிஸ் மட்டும் எழவில்லை.

“என்ன டெலோரிஸ், உடம்பு சரியில்லையா?” என்றார் அமைச்சர் தாழ்ந்த குரலில்.

“நல்லாத்தான் இருக்கேன் சார். இன்னும் முடியலையே.”

நீட்டிய கை காற்றிலேயே நின்றது. அமைச்சர் அட்டையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

“நய்யிரா ஹாதி,” என்று தொடங்கினார்.

அப்போதுதான் டெலோரிஸ் எழுந்தார். மேசையைச் சுற்றிப் போய், நின்றுகொண்டிருந்த விருந்தாளிக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.