பிங்க் தினத்தன்று ரோஸ் சட்டை

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு கட்டி கரைந்துவிட்டது என்று ஜனவரி மாதம் முழுக்கப் பேச்சாக இருந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டியாம். ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்ததாம். ஒன்பது நாள் ஜெபம் செய்து, பன்னிரண்டாம் நாள் வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தால், கட்டி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லையாம். கறிக்கடையில் சொன்னவர் கட்டியை எலுமிச்சம்பழம் அளவு என்றார். பேக்கரியில் சொன்னவர் ஆரஞ்சு என்றார். அது பலாப்பழம் ஆவதற்குள் விசாரித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஓய்வுபெற்ற டீச்சர் பவுலின் கதவைத் திறந்தார். அவருடைய மகள்தான் கட்டி கரைந்த லவினா. வயது முப்பத்து நான்கு. கோயிலில் மைக் பிடித்துச் சாட்சி சொன்னது அம்மா. பக்கத்தில் தலைகுனிந்து நின்றது மகள். கட்டி இருக்கிறது என்று சொன்ன முதல் ரிப்போர்ட்டை லாமினேட் செய்து மாதா படத்துக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தார்கள்.

"படிச்சுப் பாருங்க. நல்லாப் படிச்சுப் பாருங்க," என்றார் பவுலின். "உங்களை மாதிரி நம்பாதவங்க வருவீங்கன்னுதான் லாமினேட் பண்ணி வச்சிருக்கேன்."

நல்லாப் படித்தேன். அங்கேதான் வம்பு தொடங்கியது. இடது மார்பு, பதினெட்டு மில்லிமீட்டர், உடனே மேல்பரிசோதனை தேவை. எலுமிச்சையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை, சுண்டைக்காய். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது.

"லவினா மேடத்துக்கு எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டேன்.

"யோவ்!" என்றார் பவுலின். 'நீங்க' எங்கேயோ பறந்துவிட்டது. "வீட்டுக்குள்ள உட்கார வச்சா என்ன கேள்வி கேக்கறே? என் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

அந்தப் பொடி வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு குழந்தைகள், இருவருக்கும் தாய்ப்பால் கொடுத்தவர். லவினா அட்டையை வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, இரண்டு முறை படித்தார்.

"கட்டிங்கற வார்த்தைக்கு அப்புறம் நாங்க யாருமே கீழ படிக்கல," என்றார். "ரெண்டாவது டாக்டரும் இதைச் சரியாப் பார்க்கல. 'ஆபீஸ் வாசலுக்கு வந்த ஸ்கேன் வண்டில எடுத்ததுதானேம்மா, அந்த மெஷின் அப்படித்தான் இருக்கும்'னு சொல்லிட்டாரு."

"வண்டிக்குள்ள நீங்க போனீங்களா?"

"போனேனே. காலைல. ஸ்கேனும் எடுத்தாங்க. ஆனா குழந்தை இருக்கா இல்லையான்னு என்கிட்ட யாரும் கேட்கல." அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "ஸ்கேனுக்குக் குடுத்த டோக்கனைத் திருப்பிக் குடுக்க மறந்துட்டேன். ஆபீஸ் பேன்ட்ரில துடைக்கற அக்காகிட்ட, குப்பைல போட்டுடுங்கன்னு குடுத்தேன்."

அக்கா அதைக் குப்பையில் போடவில்லை.

*

அக்காவின் பெயர் தனலக்ஷ்மி. லவினாவிடம் கேட்டு அவரையும் போய்ப் பார்த்தேன். பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளியின் மகளாக. வாழ்க்கைப்பட்டது நீலசந்திராவில், வாட்ச்மேன் குணசேகருக்கு. வயது நாற்பத்தேழு. லவினாவின் கம்பெனியில் நான்காவது மாடியைத் துடைப்பது, பேன்ட்ரியைப் பார்த்துக்கொள்வது, கழிவறைகளைக் கழுவுவது அவர் வேலை. ஒன்பது வருடமாக அதே மாடி. ஆனால் அவர் கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்ட் ஆள். இந்த வித்தியாசத்தைத் துணி நிறத்தில் காட்டுவதற்காக ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கு ஒரு ரோஸ் கலர் சட்டை கொடுத்திருந்தார்கள்.

நம் ஜனங்களுக்கு அது எப்போதும் ரோஸ்தான். பஞ்சுமிட்டாய் ரோஸ், அரளிப்பூ ரோஸ், ரோஸ் மில்க். அதே நிறம் குளிர்பதன அறைக்குள் நுழைந்தால் பிங்க் ஆகிவிடும். தனலக்ஷ்மியின் சட்டை பலமுறை தோய்த்து, பீட்ரூட் வேகவைத்த தண்ணீரில் அலசியதுபோல் வெளுத்திருக்கும். அந்தச் சட்டைக்கு ஒரு குணம் உண்டு. அதைப் போட்டுக்கொண்டவர் யார் கண்ணிலும் படமாட்டார்.

அக்டோபரில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு என்று கம்பெனியில் பிங்க் தினம் கொண்டாடினார்கள். எல்லோரும் பிங்கில் வாருங்கள் என்று மெயில் போயிற்று. முதல் நாள் சாயங்காலம் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் வாய் வலிக்க நானூறு பலூன் ஊதிக் கட்டினார்கள். காலையில் போர்ட்டிகோவில் ஸ்கேன் வண்டி வந்து நின்றது. பெண் ஊழியர்களுக்கு இலவசம். நானூறு பலூன் ஊதியவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. அவர்களுக்குக் கான்ட்ராக்டர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார்.

அன்று ஆபீஸ் முழுக்க ரோஸ். மேனேஜர் ரோஸ், மேனேஜரின் மேனேஜர் ரோஸ் டை. "அன்னைக்கு என்னைப் பார்த்து ரெண்டு பேர் ஹாப்பி பிங்க் டே சொன்னாங்க சார்," என்றார் தனலக்ஷ்மி. "ஒரு தம்பி வந்து, நீங்க எந்த டீம்னு கேட்டுச்சு. துடைப்பத்தை முதுகுக்குப் பின்னாடி வச்சிக்கினு, ஃபோர்த் ஃப்ளோர்னு சொன்னேன்."

அதற்கு மூன்று வாரம் முன்பு, குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி அவர் கையில் தட்டுப்பட்டிருந்தது. பக்கத்து கிளினிக் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதற்கு லீவு வேண்டும். டிசம்பரில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்ததால், லீவு கேட்பவர் பெயர்தான் முதலில் போகும் என்று எல்லோருக்கும் பயம். அந்த நேரத்தில்தான் லவினாவின் டோக்கன் கைக்கு வந்தது.

கழுத்து பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு மதியம் கீழே போனார். காலையில் இருந்த நர்ஸ் சாப்பிடப் போயிருந்தார். புதிதாக வந்தவர் டோக்கனைப் பார்த்து, கம்ப்யூட்டரைப் பார்த்து, ஆளைப் பார்த்தார்.

"லவினா?"

"ம்."

"முப்பத்தி நாலா?"

"வேலை ஜாஸ்திம்மா."

நர்ஸ் சிரித்துவிட்டார். அடுத்து, எத்தனை குழந்தைகள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத் தனலக்ஷ்மியால் பொய் சொல்ல முடியவில்லை. ஒரே டோக்கன் எண்ணில் இரண்டு படம் பதிவானதால் காலையில் எடுத்தது போய், மதியம் எடுத்தது நின்றது. முடிந்ததும், "கட்டி இருக்குதாம்மா?" என்று தனலக்ஷ்மி கேட்டிருக்கிறார். ரிப்போர்ட் மெயிலில் வரும் என்றார்கள்.

யாருடைய மெயிலில் வரும் என்பது லிஃப்டில் ஏறிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

*

அதன் பிறகு செய்ய முடிந்தது ஒன்றுதான். தினமும் லவினாவின் மேஜையைத் துடைக்கும் சாக்கில் லவினாவின் முகத்தைப் பார்த்தார். திங்கள், செவ்வாய் சாதாரண முகம். நல்ல செய்திதான் போலிருக்கிறது என்று புதன்கிழமை கொஞ்சம் தெம்பாக இருந்தாராம். வியாழக்கிழமை கழிவறையில் மாப் போட்டுக்கொண்டிருந்தபோது, கடைசிக் கதவுக்குப் பின்னாலிருந்து அழுகை கேட்டது. வெளியே வந்தது லவினா.

"எனக்குக் கட்டியாம்க்கா."

மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற தனலக்ஷ்மி ஒரு கேள்விதான் கேட்டார். "எந்தப் பக்கம்மா?"

"லெஃப்ட்."

தன் நோயின் பெயரை அவர் அப்படித்தான் தெரிந்துகொண்டார், அடுத்தவர் அழுகையிலிருந்து. தெரிந்த கையோடு அழுத பெண்ணின் முதுகைத் தடவி, "ஒண்ணும் ஆகாதும்மா, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று தேற்றியும் இருக்கிறார். பொய் இல்லை. அதைவிட உறுதியான ஆறுதலை எந்த டாக்டரும் சொல்லியிருக்க முடியாது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? வேற ஆள் பேர்ல ஸ்கேன் எடுத்தேன்னு சொன்னா, அன்னைக்கே கேட்டுக்கு வெளிய நிக்க வேண்டியதுதான். அந்தப் பொண்ணு அழுது. பார்க்க முடியல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அது லீவுல போயிடுச்சி."

லவினா திரும்பி வந்தபோது கையில் கேக் டப்பா இருந்தது. "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணும் இல்லக்கா, ஜெபத்துல கரைஞ்சிடுச்சு" என்று முதல் துண்டைத் தனலக்ஷ்மிக்குத்தான் கொடுத்தார். அவர் வாங்கிச் சாப்பிட்டார்.

அதோடு ஒரு விபரீதமான எண்ணமும் அவருக்கு வந்துவிட்டது. என்னிடம் சொல்லும்போது சிரித்தார். ஆனால் நவம்பரில் சிரித்திருக்க மாட்டார். "அவங்க ஒன்பது நாள் ஜெபம் பண்ணது அந்த ரிப்போர்ட்ல இருந்த கட்டிக்கு. அந்தக் கட்டி என்னுது. அப்ப ஜெபம் எங்க வந்திருக்கணும்? எனக்குத்தானே? தினம் குளிக்கும்போது தடவிப் பார்ப்பேன். கொஞ்சம் சின்னதான மாதிரிதான் இருக்கும்."

சின்னதாகவில்லை.

*

உண்மை தெரிந்த பிறகு பிப்ரவரியில் லவினா அவரை ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். வழியெல்லாம் மரங்கள் இலையே இல்லாமல் ரோஸாகப் பூத்துக் கிடந்தன. வருஷா வருஷம் அந்தச் சமயத்தில் பாதி ஊர் நடு ரோட்டில் நின்று மரத்தைப் போட்டோ எடுக்கும். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது தனலக்ஷ்மியின் மடியில் நாலு பூ விழுந்ததாம். "ஐயே, இங்கயும் ரோஸா" என்று தட்டிவிட்டாராம். அந்த ஒரு தடவைதான் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள் என்று லவினா சொன்னார்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார். பெயர் வேறு, வயது வேறு. செல்லாது, எல்லாம் முதலிலிருந்து என்றார். முதலிலிருந்து எடுத்ததில் பதினெட்டு மில்லிமீட்டர் நாற்பத்தொன்றாகியிருந்தது. அக்குளிலும் பரவியிருந்தது. "ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்று கேட்டார். தனலக்ஷ்மி லவினாவைப் பார்த்தார். லவினா தரையைப் பார்த்தார்.

கம்பெனி, அந்த ஆண்டின் முகாமில் யாருக்கும் நோய் இல்லை, முழு வெற்றி என்று அறிவித்திருந்தது. பவுலின் டீச்சரிடம், கோயிலில் சொன்ன சாட்சியைத் திருத்திச் சொல்வீர்களா என்று கேட்டேன். "கரைஞ்சதுன்னு சொன்னேன். யாருக்குக் கரைஞ்சதுன்னு யாராவது கேட்டா அப்பச் சொல்றேன்" என்றார். ஆனால் லாமினேட் அட்டை மாதா படத்தடியில் இல்லை. சனிக்கிழமை தவறாமல் நீலசந்திராவுக்கு ஆட்டுக்கால் சூப் தூக்குவாளியில் போயிற்று. நானே இரண்டு முறை கொண்டுபோனேன்.

இந்தப் பெண்களின் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கட்டியின் அளவை மாற்றவில்லை.

மார்ச்சில் இடது மார்பை எடுத்தார்கள். அதற்கு லீவு? மூன்று நாளுக்கு மேல் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவது சூபர்வைசர் பரத்தின் வழக்கம். ஆனால் பரத் பார்ப்பது மாடியை, மனுஷியை அல்ல. "நாலாவது மாடி சுத்தமா இருக்கா? அவ்வளவுதான். ரோஸ் சட்டைக்குள்ள யார் இருக்காங்கன்னு நான் பார்க்கறதில்ல" என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அந்தச் சட்டையால் கிடைத்த ஒரே சலுகை அது.

மூன்றாவது மாடியைப் பார்ப்பவர் சங்கமித்ரா. அவரும் தங்கவயல்காரர், இன்னும் மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறவர். தன் மாடியை முடித்துவிட்டு நான்காவது மாடியையும் துடைத்தார், பதினான்கு நாள். இந்தப் பெண்களுக்குள் இதற்குக் காசு பேசுவதில்லை. நாளுக்கு நாள்தான். நீ எனக்கு ஒரு நாள் செய்தால் நான் உனக்கு ஒரு நாள். தள்ளுபடி கிடையாது.

பதினான்கு நாள் முடிந்ததும் தனலக்ஷ்மி வேலைக்குத் திரும்பிவிட்டார். மே மாதம் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தார். முடி கொட்டியிருந்தது, இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. வலது கையால் மாப் போட்டார். சங்கமித்ராவை மூன்றாவது மாடிக்கு வரவிடாமல் வீட்டுக்கு அனுப்பி, கடனை அடைக்க ஆரம்பித்தார். வாரம் ஒன்று, சில வாரம் இரண்டு. ஜூலை கடைசியில் பதின்மூன்று நாள் அடைந்திருந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் இடுப்பில் வலி என்று உட்கார்ந்தார். வலி இடுப்பில் இல்லை, எலும்பில் என்றார்கள்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் சாயங்கால ரயிலுக்கு நின்றிருந்த சங்கமித்ராவைப் பார்த்தேன். "அந்த ஒரு நாளை விட்டுடக் கூடாதா?"

"ஏன் விடணும்?" கோபம் வந்துவிட்டது அவருக்கு. "படுத்துக்கினு இருக்காங்கன்னு நான் விட்டுட்டா, என்னா அர்த்தம் சார் அதுக்கு? இனிமே எழுந்து வரமாட்டாங்கன்னு நானே சொன்ன மாதிரி ஆகாதா? ஒண்ணும் வேணாம். வந்து செய்யச் சொல்லுங்க. அதுவும் திங்கக்கெழம. ரெண்டு நாள் குப்பை சேர்ந்திருக்கும்."

ஆஸ்பத்திரியில் அதை அப்படியே சொன்னேன். தனலக்ஷ்மிக்குப் பேச மூச்சு போதவில்லை. என்றாலும் பேரம் பேசினார்.

"சனிக்கெழம செய்யறேன்னு சொல்லுங்க. ஆபீஸ்ல ஆள் இருக்க மாட்டாங்க, வேலை கம்மி."

சங்கமித்ரா ஒத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமைதான் வேண்டுமாம். அதன் பிறகு நான்கு திங்கட்கிழமைகள் போய்விட்டன. அந்த ஒரு நாள் இன்னும் பாக்கி.