அன்புக்கரசி அக்கா வீட்டு ஜாடி

சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருக்கிறது எங்கள் தெரு. கீழ்வீட்டு அன்புக்கரசி அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழுப்பு காய்ச்சினால், மாடியில் குடியிருக்கும் எனக்குத்தான் முதலில் தெரியும். கறிக்கடை குலாம் ரசூல் பாய், மாட்டின் குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பை அக்காவுக்கென்று எடுத்து வைப்பார். அக்கா அதைப் பொடியாக அரிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கறிவேப்பிலை போட்டு, அடுப்பைச் சின்னதாக எரியவிடுவார். தண்ணீர் சுண்டிக் கொழுப்பு தெளிந்ததும் துணியில் வடிகட்டி ஜாடியில் ஊற்றுவார். துணியில் நிற்கும் சக்கையில் உப்புத் தூவி எனக்கும் ஒரு கிண்ணம் வரும். செய்யாறு பக்கம் எங்கள் ஊரிலும் இதைத் தின்றுதான் வளர்ந்தேன். தின்று வளர்ந்துதான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக எம்.ஏ. முடித்தேன்.

ஆறியபின் அது வெண்ணெய் நிறத்தில் உறைந்துவிடும். பார்வைக்கு நெய்தான். அக்காவுக்கு அது இல்லாமல் வீடு நடக்காது. கறி வறுக்கவும் அதுதான், தோசைக்கல்லில் தேய்க்கவும் அதுதான். நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் தரை துடைக்கும் வேலை அக்காவுக்கு. பினாயில் தண்ணீரில் நின்று நின்று குதிகால் வெடித்திருக்கும். படுக்கும்முன் அதை எடுத்துத் தடவிக்கொள்வார். கதவுக் கீல் முனகினாலும் அரிவாள்மனை துருப்பிடித்தாலும் கை அந்த ஜாடிக்குத்தான் போகும்.

கணவர் போனபின் தனியாக வளர்த்த ஒரே மகன் சேரன், பைக் ஷோரூமில் மெக்கானிக். அங்கேயே பில் போடும் நிலாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நின்றான். நிலா வேளச்சேரிப் பெண். அவள் அம்மா முத்துமாரி வீட்டில் மாட்டுக்கறி ஆகாது. "போய்ப் பாத்துட்டு வா, உனக்குச் சரின்னா எனக்கும் சரி" என்று நிலாவின் அப்பா மனைவியிடம் விட்டுவிட்டார். அந்த அம்மாள் மகளோடு வந்த ஞாயிறு காலை, "படிச்ச புள்ள, நீயும் கூட இரு நைனா" என்று அக்கா என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அன்றைக்கென்று புது எண்ணெய் பாக்கெட் வாங்கி, தோசைக்கல்லைத் தேய்த்துக் கழுவி, ஜாடியை அலமாரியில் பருப்பு டின்னுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். ஆனால் முத்துமாரி ஓர் இடத்தில் உட்காருகிற ஆளில்லை.

"நீயே நின்னுகினு கீறியேக்கா. உக்காரு, எனக்கு நானே ஊத்திக்கறேன்" என்று அடுக்களைக்குள் போய், தோசை சுட்டுக்கொண்டிருந்த அக்காவிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். அக்கா சட்னியோடு முன்னறைக்கு வந்தார். சற்று நேரத்தில் முத்துமாரியும் தட்டில் பாதி தின்ற தோசையோடு வந்து உட்கார்ந்தார்.

"இன்னாக்கா, நெய்ய ஒளிச்சி வெச்சிகினு எனக்கு எண்ணெயில சுட்டுக் குடுத்தியா? நான் தேடிக் கண்டுபுடிச்சிட்டேன் பாரு. எங்க வாங்கின? மொறுமொறுன்னு வருது."

சேரன் தலையைக் குனிந்துகொண்டான். நிலா அக்காவைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள். அக்கா முத்துமாரிக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

"அது நெய் இல்ல முத்துமாரி. மாட்டுக் கொழுப்பு. நான் காச்சினது."

முத்துமாரி தட்டைக் கீழே வைத்தார். வெளியே குழாயடியில் வெகுநேரம் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"சொல்லாம உட்ருக்கலாம்ல?"

"உட்ருக்கலாம். அப்புறம் உன் பொண்ணு இங்க வந்து, உனக்குத் தெரியாம தெனம் எதையாவது மறைச்சிகினே கெடக்கும். இது எங்க வீட்டு சாப்பாடு. தெரிஞ்சிகினு பொண்ணு குடு."

"கல்யாணத்துக்கு அப்புறமும் நிறுத்த மாட்டியா?"

"மாட்டேன். உன் பொண்ணத் தின்னுன்னு சொல்லவும் மாட்டேன்."

முத்துமாரி மகள் பக்கம் திரும்பினார். "நீ இன்னாடி சொல்ற?"

நிலா பாயின் ஓரத்தைப் பிய்த்தபடி சொன்னாள். "நான் தின்னுகினுதான்மா கீறேன்."

"அதான் நான் வைக்கிற சாம்பார் உனக்குத் தொண்டையில எறங்கலியா?" என்றார் முத்துமாரி. பிறகு உள்ளே வந்து, தட்டுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். "நான் வந்தா எனக்குத் தனிக் கல்லு வெக்கணும்க்கா. தனிக் கரண்டி. அவ்ளோதான்."

சாயந்தரமே அக்கா என்னை அழைத்துக்கொண்டு சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய் ஓர் இரும்புக் கல் வாங்கினார். கல்யாணம் தை மாதம். அதற்குள் கல்லைப் பழக்க வேண்டும். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி நல்லெண்ணெயில் தொட்டுத் தொட்டுத் தேய்க்கிறார். ஆனாலும் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிறது. பிய்ந்ததெல்லாம் என் தட்டுக்கு வருகிறது.

"கொஞ்சம் கொழுப்பு தடவிப் பழக்கிட்டு அப்புறம் கழுவிடலாமேக்கா. அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?" என்று கேட்டேன்.

"வாய மூடிகினு அந்த வெங்காயத்த எடு நைனா" என்றார் அக்கா.