கரண்டியில் வெட்டிய பெயர்

மீனை ஏமாற்றத் தூண்டிலில் கட்டும் பழைய பொய்மீன்களைச் சேகரிப்பவன் நான். ஒவ்வொன்றிலும் செய்தவரின் முத்திரையைத் தேடிப் பார்த்து, ஆண்டைக் குறித்துவைப்பேன். போன வாரம் அப்பாவின் தகரப்பெட்டியில் ஒன்று கிடைத்தது. கைப்பிடி வெட்டிய கரண்டியில் முள் கோத்து, சிவப்புச் சாயம் பூசியிருந்தார். தின்னரில் துடைத்தேன். அந்த வாசனையில், பீங்கான் பொம்மைகளுக்குச் சாயம் தீட்டிவிட்டு வருகிற அப்பாவின் சட்டை நினைவுக்கு வந்தது. சாயத்துக்கு அடியில் 'சி.கோ.' என்று இருந்தது. அம்மாவின் சீர்ப் பாத்திரங்களில் தாத்தா வெட்டிக் கொடுத்த பெயரெழுத்துகள்.

அந்தக் கரண்டி காணாமல்போனபோது நான் நான்காவது படித்தேன். மாதம் தையா மாசியா என்பதில் சந்தேகம். திட்டக்குடியிலிருந்து வந்திருந்த அப்பாவின் அக்காவை அம்மா மடக்கினாள்.

"கரண்டிக்குக் காலா மொளச்சிருக்கு, அண்ணி?"

"ஒரு கரண்டிக்கா நான் பஸ்ஸேறி வந்தேன்?" அத்தை பையைத் தூக்கிக்கொண்டாள்.

அப்பா யாரையும் பார்க்காமல், "ஏரியில மீனு நிக்குதாம், போயிட்டு வரேன்" என்று தூண்டிலோடு நழுவினார். அத்தை பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

நேற்று அத்தைக்குப் போன் செய்து, அப்பாதான் எடுத்திருக்கிறார் என்றேன்.

"அவன் எங்க எடுத்தான்? தூண்டிலுக்கு வேணும்னு கேட்டான், நான்தாண்டா எடுத்துக் குடுத்தேன்."

"அப்புறம் ஏன் அத்தை கோவிச்சிக்கிட்டுப் போனீங்க?"

"தனக்காகத்தான் அக்கா எடுத்தாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுவான்னு பாத்தேன். மீனு புடிக்கப் போயிட்டான்."

அம்மா அடுத்த அறையில் இருக்கிறாள். அன்று அவள் அத்தையைக் கேட்டது சரி என்று சொல்வதா, தப்பு என்று சொல்வதா, எனக்கு விளங்கவில்லை.